ஊம் கொட்டுகிறவர்

கதை சொல்வது கஷ்டமான காரியம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கதை கேட்பதும் ஒரு காரியம்தான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். நம் பாட்டிமார்களுக்கு அது தெரியும். "ஊம் கொட்டினால்தான் சொல்லுவேன்" என்று நிபந்தனை போட்டுவிட்டுத்தான் அவர்கள் கதையை ஆரம்பிப்பார்கள். ஊம் நின்றுபோனால் கதையும் நின்றுவிடும். குழந்தை தூங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஊம் கொட்டுவதிலும் தராதரம் உண்டு. எதற்கெடுத்தாலும் ஒரே சுருதியில் "ஊம், ஊம்" என்கிற பேரனைவிட, "அந்த ராஜாவுக்குப் பசிக்கவே பசிக்காதா, பாட்டி?" என்று குறுக்கே கேட்கிற பேத்திக்குத்தான் பாட்டி நல்ல கதையாகச் சொல்லுவாள்.

நம்முடைய கலைகள் எல்லாம் இந்த ரகசியத்தை அறிந்தவை. வில்லுப்பாட்டில் அண்ணாவி ஓர் அடி சொன்னால், பக்கத்திலிருப்பவர் "ஆமா" போட்டு அதை நிமிர்த்திக் கொடுக்கிறார். தெருக்கூத்தில் ராஜா மட்டும் பேசிக்கொண்டிருந்தால் விடிவதற்குள் பந்தல் காலியாகிவிடும். கட்டியங்காரன் வந்து கேலி பேசினால்தான் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவு ஏன், மாணிக்கவாசகரே திருச்சாழலில் இரண்டு பெண்களை எதிர் எதிரே உட்கார வைத்துவிடுகிறார். ஒருத்தி சிவபெருமானைக் கேலி செய்வதுபோல் கேள்வி கேட்கிறாள். இன்னொருத்தி பதில் சொல்லுகிறாள். தத்துவத்தை நேராகச் சொன்னால் தலையில் ஏறாது. இருவர் பேசிக்கொள்வதை ஒட்டுக் கேட்டால் ஏறிவிடும். மனுஷ சுபாவம் அப்படி.

இந்த ஊம் கொட்டும் உத்தியோகத்துக்கும் இப்போது ஒரு யந்திரம் வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

யந்திரம் என்றால் சக்கரமும் பட்டையும் கொண்டது அல்ல. செயற்கை நுண்ணறிவு, ஏ.ஐ. என்றெல்லாம் நாள்தோறும் பேப்பரில் படிக்கிறோமே, அந்த ஜாதியைச் சேர்ந்தது. ஒரு தஸ்தாவேஜை அதனிடம் கொடுக்க வேண்டியது. சட்டமானாலும் சரி, சர்க்கார் அறிக்கையானாலும் சரி, வைத்திய நூலானாலும் சரி. சில நிமிஷங்களில் அது ஓர் ஒலிப்பதிவைத் திருப்பித் தரும். அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சாவகாசமாக உட்கார்ந்து அந்தத் தஸ்தாவேஜைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். "அப்படியா!" என்பார்கள், சிரிப்பார்கள், ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடித்து வைப்பார்கள். இடையிடையே மூச்சு வாங்கக்கூடச் செய்வார்கள். இருவருமே உலகத்தில் இல்லாதவர்கள்.

கூகிள் கம்பெனி 2023ஆம் வருஷம் நோட்புக்எல்எம் என்று ஒன்றை வெளியிட்டது. கொடுத்த காகிதங்களைப் படித்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் அதன் முதல் வேலை. 2024 செப்டம்பரில் இந்த இருவர் சம்பாஷணையை அதில் சேர்த்தார்கள். ஆரம்பத்தில் இங்கிலீஷில் மட்டுமே பேசிய அந்தத் தம்பதிகள் (தம்பதிகள் என்றே சொல்லத் தோன்றுகிறது) 2025 ஏப்ரலில் ஐம்பதுக்கு மேற்பட்ட பாஷைகளைக் கற்றுக்கொண்டார்கள். தமிழும் அவற்றில் ஒன்று. அதற்குள் இதேபோன்ற கருவிகளை வேறு பலரும் செய்து உலவவிட்டுவிட்டார்கள்.

உள்ளே நடப்பது என்னவென்றால், முதலில் ஒரு பகுதி காகிதத்தைப் படித்து, எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று தேர்ந்துகொண்டு, நாடகம்போல வசனம் எழுதுகிறது. இன்னொரு பகுதி அந்த வசனத்துக்குக் குரல் கொடுக்கிறது. இந்த வசனம் எழுதும் சமாசாரம்தான் என் போன்றவனின் காதை நிமிர்த்தியது. நாம் பேசுகிறபடி எழுதுவது எவ்வளவு சிரமம் என்பது நாவல் எழுதுகிறவனுக்குத்தானே தெரியும்?

மழைக்காலம் ஓய்ந்த பிறகு ஏற்காட்டில் ஒரு மாதம் தங்கி எழுதுவது எனக்கு வழக்கம். கோடை விழாக் கூட்டம் அப்போது இராது. சேலத்திலிருந்து பஸ் புறப்பட்டால், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருவதற்குள் காற்றின் வாசனையே மாறிவிடும். சில்வர் ஓக் மரங்களைச் சுற்றிக்கொண்டு மிளகுக் கொடி. அவற்றின் நிழலில் காப்பிச் செடி. 1820களில் சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்ற துரை கொண்டுவந்து நட்ட செடியின் வம்சம் இது. மார்கழி, தை மாதங்களில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்களின் பேச்சுக் குரல் செடிகளுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். ஆள் தெரியமாட்டார்கள், பேச்சு மட்டும் வரும். பாட்காஸ்டுக்கு ஆதி ரூபம் இதுதானோ என்று நினைத்துக்கொள்வேன்.

மலை அடிவாரத்தில், ஏற்காடு சாலையிலேயே, மாடர்ன் தியேட்டர்ஸின் வாசல் வளைவைப் பார்க்கலாம். 1935இல் டி.ஆர். சுந்தரம் ஆரம்பித்த ஸ்டூடியோ. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த அந்த இடத்தில் இப்போது வளைவுதான் பழைய அடையாளமாக நிற்கிறது. 1950இல் வந்த 'மந்திரி குமாரி'க்கு மு. கருணாநிதி வசனம் எழுதியது இந்தக் கம்பெனிக்காகத்தான். மலைமேல் வந்து வசனத்தைப் பற்றி யோசிப்பதற்கு அடிவாரத்திலேயே இப்படி ஒரு முகூர்த்தக்கால் நட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த யந்திரத்தை முதலில் என் சரக்கைக் கொண்டே சோதித்தேன். பழைய சிறுகதை ஒன்றைக் கொடுத்தேன். பல வருஷங்கள் கழித்துச் சொந்த ஊருக்கு வருகிற ஒருவன், தன் வீட்டு வாசல்வரை நடந்து, கதவைத் தட்டாமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறான். ஏன் தட்டவில்லை என்று நான் எழுதவில்லை. எழுதக்கூடாது என்பதற்காகவே அந்தக் கதையை எழுதினேன். இருவரும் ஏழு நிமிஷம் பேசினார்கள். "இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது?" என்று அந்தப் பெண் கேட்டாள். "குடும்பத்தில் மனம்விட்டுப் பேசுவது எவ்வளவு முக்கியம் என்பதுதான்!" என்றான் அவன். "அருமையாகச் சொன்னீர்கள்!" என்றாள் அவள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதைவிடக் கடுமையான விமரிசனங்களை ஜீரணித்தவன் நான். கதைக்கு ஒரு நீதியை ஒட்டவைத்தால் கதை கொஞ்சம் கெடும். யாருடைய சோற்றிலும் மண் விழாது. ஆனால் சோறு சம்பந்தப்பட்ட காகிதங்களும் உலகத்தில் இருக்கின்றன. அவற்றை இந்த இருவரும் பேசினால் என்ன ஆகும் என்பதை, அதே மாதத்தில் ஓர் இளைஞர் எனக்குக் காட்டினார்.

நான் தங்கியிருந்த இடத்துக்கு அருகே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர் அவர். மலையின் மறு சரிவில் உள்ள ஒரு சிறு கிராமம் அவருடைய ஊர். அவர் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள். சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளிகள் வகுப்பைச் சேர்ந்தவர். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த மூன்று சகோதரர்களின் வம்சம் தாங்கள், சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் அவர்கள் பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்களுடைய பரம்பரைக் கதை. மலை உச்சியில், ஐயாயிரத்து முந்நூறு அடிக்கு மேலே, குகைக்குள் இருக்கிற சேர்வராயனும் காவேரி அம்மனும் அவர்களுடைய தெய்வங்கள்.

இளைஞரின் கையில் ஒரு காகிதக் கட்டு இருந்தது. 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டமும் அதன் விதிகளும். 2005 டிசம்பர் 13ஆம் தேதிக்கு முன்னாலிருந்தே வன நிலத்தில் குடியிருந்தோ பயிர் செய்தோ வருகிற பழங்குடிக் குடும்பம், நான்கு ஹெக்டேர்வரை அந்த நிலத்துக்கு உரிமை கோரலாம் என்று சொல்லுகிற சட்டம் அது. உரிமையை முதலில் பரிசீலிப்பது கலெக்டர் ஆபீஸ் அல்ல, கிராம சபைதான். நல்ல சட்டம். ஆனால் சட்டத்தின் தமிழைப் படித்துப் புரிந்துகொள்ள இன்னொரு சட்டம் வேண்டும்போல் இருந்தது. "ஊரிலே பெரியவங்களுக்குப் படிக்கத் தெரியாது, சார். நான் படிச்சுக் காட்டினா, ரெண்டாவது பக்கத்துலயே தூங்கிடறாங்க. அதனாலதான் இதை ரெண்டு பேர் பேசுற மாதிரி மாத்திப் போனிலே போட்டுக் காட்டலாம்னு பார்க்கிறேன்" என்றார். நல்ல யோசனையாகவே பட்டது. என்னையும் கூட வரச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோயில் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். இளைஞர் போனை ஒரு பித்தளைக் குடத்துக்குள் வைத்தார். ஒலி பெருகிக் கேட்டது. இருபது நிமிஷ சம்பாஷணை. "வணக்கம், நண்பர்களே! இன்று ஒரு சுவாரசியமான சட்டத்தைப் பற்றிப் பார்க்கப் போகிறோம்" என்று ஆரம்பித்தார்கள். ஜனங்கள் தூங்கவில்லை, உற்றுக் கேட்டார்கள். அந்த மட்டும் வெற்றிதான்.

நான் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். முதல் வேடிக்கை சீக்கிரமே வந்தது. "மலையாளிகள் கேரளத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள்" என்று அந்தப் பெண் குரல் உற்சாகமாகச் சொல்லிற்று. காகிதத்தில் அப்படி ஓர் எழுத்துக்கூட இல்லை. உலகத்தில் எழுதப்பட்டிருப்பவற்றில் 'மலையாளி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'கேரளம்' என்பதே பெரும்பாலும் வருகிறது. எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வரும் என்று அனுமானித்து எழுதுவதுதான் யந்திரத்தின் வித்தை. எண்ணிக்கையில் சிறியவர்களின் பெயரைப் பெரியவர்களின் பெயர் விழுங்கிவிட்டது. திண்ணையில் சிரிப்பு எழுந்தது. ஆனால், பூர்வகுடி என்று நிரூபிக்க வேண்டிய ஜனங்களை வந்தேறிகள் என்று சொல்லும் ஓர் ஒலிப்பதிவு ஊர் ஊராகப் போனால் சிரிப்பு நீடிக்காது.

அடுத்தவை வேடிக்கையாக இல்லை. உரிமையை நிலைநாட்டப் பலவிதமான அத்தாட்சிகளை விதி ஏற்றுக்கொள்கிறது. சர்க்கார் ஆவணங்கள், பழைய கெஜட்டியர்கள், நிலத்தில் கட்டிய வரப்பு, கிணறு, இடுகாடு, கோயில் இப்படி. அவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைக் கவனித்தே முடிவு செய்ய வேண்டும் என்றும் விதியில் இருக்கிறது. ஆண் குரல் இதைச் சுருக்கி, "இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், ரொம்ப சுலபம்!" என்றது. கிராம சபையின் தீர்மானம் ஒருவருக்குப் பாதகமாக இருந்தால், அறுபது நாளுக்குள் கோட்ட அளவிலான கமிட்டிக்கு மனுச் செய்யலாம். மனுச் செய்யலாம் என்பதை இருவரும் சொன்னார்கள். அறுபது நாள் என்பதைச் சொல்லவே இல்லை. அவர்களைப் பொறுத்தவரையில் அது பேச்சின் ஓட்டத்தைத் தடுக்கிற ஓர் எண். அறுபத்தோராவது நாள் சேலத்துக்குப் பஸ் ஏறுகிறவனுக்கு அதுதான் சட்டம் முழுவதும்.

ஒலிப்பதிவு முடிந்ததும், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி இளைஞரைப் பார்த்து, "ஏங் கண்ணு, இவங்க ரெண்டு பேரும் எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"எந்த ஊரும் இல்ல, பாட்டி. மிஷின் பேசுது."

"அதானே பார்த்தேன். நெலம் போனா அவங்களுக்கு என்ன போச்சு? அதான் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறாங்க. ஒருத்தர் சொன்னதை ஒருத்தர் ஏன்னு கேக்கலையே! நம்ம ஊருப் பஞ்சாயத்துல இப்படி ரெண்டு பேரு ஒத்துப் பேசினா, ஏற்கெனவே எங்கியோ பேசி முடிச்சுட்டு வந்துட்டாங்கன்னு அர்த்தம்."

நான் படித்த இலக்கிய விமரிசனங்களில் இதைவிடக் கூர்மையானவை மிகச் சில. வசனம் எழுதுகிறவனுக்கு முதல் பாடமே இதுதான். இரண்டு பாத்திரங்கள் பேசுகிறார்கள் என்றால், இருவருக்கும் வெவ்வேறு கவலை இருக்க வேண்டும். ஒரே கவலை உள்ள இருவரோ, கவலையே இல்லாத இருவரோ பேசினால் அது சம்பாஷணை ஆகாது. ஒரு கட்டுரையை இரண்டு நாற்காலிகளில் உட்கார வைத்ததாகத்தான் ஆகும்.

திரும்பி வரும் வழியில் இளைஞர் மௌனமாக நடந்தார். "விட்டுடலாம்னு தோணுது, சார்" என்றார். "தம்பி, யந்திரத்தை விடுவது அப்புறம் இருக்கட்டும். அதற்கு நீங்கள் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "சுவாரசியமா, எளிமையா பேசுங்கன்னு எழுதினேன்" என்றார்.

இதற்கு பிராம்ப்ட் என்று பெயர். அழகான பெயர். நம் நாடகக் கம்பெனிகளில் படுதாவுக்குப் பின்னால் ஒருவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்று, நடிகருக்கு அடி எடுத்துக் கொடுப்பார். அவரை பிராம்ப்டர் என்றுதான் அழைப்பார்கள். சபையோருக்கு அவர் முகம் தெரியாது. ஆனால் அவர் தூங்கிவிட்டால் அரிச்சந்திரன் மயானத்தில் நின்று திருதிருவென்று விழிப்பான். சுவாரசியமாகப் பேசு என்று மட்டும் அடி எடுத்துக் கொடுத்தால், யந்திரம் சுவாரசியமாகத்தான் பேசும். நூறு பக்கத்தை இருபது நிமிஷமாக்கச் சொன்னால் பெரும்பகுதியைக் கீழே போட்டே தீரவேண்டும். எதைப் போடக்கூடாது என்று நாம் சொல்லாவிட்டால், அது தன் விருப்பப்படி போடுகிறது.

அன்று இரவு, குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இருவரும் உட்கார்ந்து புதிதாக ஒரு கட்டளை எழுதினோம். இதுவரை நான் எழுதிய பாத்திர வர்ணனைகளில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறேன். அதன் சாரத்தை இங்கே சொல்லுகிறேன், யாருக்காவது பயன்படலாம்.

கேட்கப் போகிறவர்கள் யார் என்பதை முதலில் எழுதினோம். படிக்கத் தெரியாதவர்கள், ஆனால் காட்டைத் தெரிந்தவர்கள். ஆகவே காட்டைப் பற்றி அவர்களுக்கு உபதேசம் வேண்டாம். அடுத்தபடி இருவருக்கும் வேஷம் கொடுத்தோம். ஒருவர் விதியை அறிந்தவர். மற்றவர் நிலத்தை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிற ஒரு குடும்பத் தலைவி. எதையும் உடனே நம்பாதவர். "எத்தனை நாள்?", "யாரிடம் கொடுக்க வேண்டும்?", "என்னிடம் அந்தக் காகிதம் இல்லையென்றால்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எண், நாள், தேதி ஆகியவற்றைக் காகிதத்தில் உள்ளபடியே, இரண்டு தடவை, எந்த விதியில் இருக்கிறது என்பதோடு சொல்ல வேண்டும். காகிதத்தில் பதில் இல்லாவிட்டால் "இதில் அது சொல்லப்படவில்லை" என்று சொல்லிவிட வேண்டும். சிரிக்கக்கூடாது, "அருமை", "பிரமாதம்" கூடாது. மலையாளிகள் என்றால் சேர்வராயன் மலைப் பழங்குடிகள் என்றும் தனியாக ஒரு வரி எழுதினோம். கடைசியாக, இருபது நிமிஷப் பிரசங்கத்தை ஒழித்து, ஒரு விஷயத்துக்கு நான்கு நிமிஷம் என்று பிரித்தோம். அத்தாட்சிக்கு ஒன்று, கிராம சபைக்கு ஒன்று, மனுவுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் பக்கங்களை மட்டுமே கொடுத்தோம்.

யந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை என்பதை அரை மணி நேரத்தில் கண்டேன். பாத்திரத்துக்குக் கவலை கொடுத்தவுடன் வசனத்துக்கு உயிர் வந்துவிட்டது. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். அந்த ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் காதைப் போனிலும் விரலைக் காகிதத்திலும் வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரி பார்த்தார். ஓரிடத்தில் குரல் "ஏறக்குறைய இரண்டு மாதம்" என்றது. ஆசிரியர் நிமிர்ந்து, "ஜூலையும் ஆகஸ்டும் சேர்ந்தால் அறுபத்திரண்டு நாள். அந்த இரண்டு நாளில் மனுத் தள்ளுபடி ஆகிவிடும். மறுபடி செய்யச் சொல்லுங்கள்" என்றார். மறுபடி செய்தோம். காதால் கேட்கிறவன் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க முடியாது. ஆகையால் அவனுக்காக யாராவது ஒருவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தே ஆகவேண்டும்.

இப்படிக் காகிதத்தைப் பேச்சாக மாற்றுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. திருச்சி வானொலி நிலையம் 1939இல் ஆரம்பித்தது. 1960களில் அதன் வேளாண்மை நிகழ்ச்சிகள் தஞ்சாவூர் விவசாயிகளிடையே ஏ.டி.டி. 27 என்ற புது நெல்லைப் பரப்பின. எந்த அளவுக்கு என்றால், ஜனங்கள் அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் காகிதத்திலிருந்த விஷயம், விவசாயியின் பாஷையில் காதுக்கு வந்ததால் வயலுக்கும் வந்தது. இங்கிலாந்தில் பி.பி.சி. 1951இலிருந்து நாடெங்கும் ஒலிபரப்பி வருகிற 'ஆர்ச்சர்ஸ்' நாடகமும், யுத்தத்துக்குப் பிந்திய விவசாயிகளுக்குப் புதிய முறைகளைச் சொல்லித்தர எழுந்ததே. ஆனால் அந்த ரேடியோக்காரர்களைப் பின்தொடர்ந்து ஒரு விலாசம் இருந்தது. சொன்ன உரத்தைப் போட்டுப் பயிர் கருகினால், "ஐயா, நீங்கள் சொன்னபடி செய்தேன்" என்று கார்டு எழுதிப் போடலாம். நம் புதிய தம்பதிகளுக்கு எழுத முடியாது. அவர்களுடைய விலாசம், அந்த ஒலிப்பதிவைத் திண்ணைக்குக் கொண்டுவருகிறவருடைய விலாசம்தான். இளைஞர் இதை நன்றாக உணர்ந்திருந்தார். ஒவ்வொரு பதிவின் முன்னாலும் தம் சொந்தக் குரலில், தம் பெயரையும், இது யந்திரம் பேசுவது என்பதையும், சந்தேகம் இருந்தால் தம்மிடம் காகிதம் இருக்கிறது என்பதையும் சொல்லிச் சேர்த்துவிட்டார்.

இரண்டாவது கூட்டத்துக்கும் போயிருந்தேன். அத்தாட்சியைப் பற்றிய நான்கு நிமிஷத்தை வைத்தார்கள். அது முடிய ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. ஏனென்றால் "நிறுத்து கண்ணு" என்று அந்த மூதாட்டி பத்துத் தடவை நிறுத்தினாள். யந்திரத்துக் குடும்பத் தலைவி கேட்ட கேள்வியை அவள் பிடுங்கிக்கொண்டாள். "கெணறுன்னு சொல்றாங்களே, மேலக் காட்டுக் கெணறு சேருமா? அதை எங்க மாமனார் வெட்டினது. நான் கல்யாணமாகி வந்த வருஷம் கல்லுக் கட்டினாங்க." இன்னொரு கிழவர் குறுக்கிட்டார்: "கல்லுக் கட்டினது அதுக்கு ரெண்டு வருஷம் பொறவு." அவ்வளவுதான், வாக்குவாதம் தொடங்கிவிட்டது. எந்த வருஷம் மழை பொய்த்தது, எந்தப் பலா மரத்தடியில் யாரைப் புதைத்தார்கள், வரப்பு எந்தப் பக்கம் ஓடிற்று என்று ஊரின் சரித்திரம் முழுவதும் திண்ணையில் வந்து குவிந்தது. போன் குடத்துக்குள் மௌனமாகக் கிடந்தது.

அப்போதுதான் ஆசிரியர் விதியின் இன்னொரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். உரிமை கோருகிறவர் அல்லாத முதியோர் சொல்லும் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டால், அதுவும் ஓர் அத்தாட்சி. இளைஞர் உடனே நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். மூதாட்டி சொல்லச் சொல்ல எழுதினார். பக்கத்து வீட்டு நிலத்துக்கு அவள் சாட்சி. அவள் வீட்டு நிலத்துக்கு அந்தக் கிழவர் சாட்சி. காகிதத்தைப் பேச்சாக்கக் கூடியவர்கள், பேச்சைக் காகிதமாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிழவர் மட்டும் கிணற்றுக் கல் விஷயத்தில் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. இருவர் சொன்னதையும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

யந்திரம் இனி நன்றாகவே பேசும். சீக்கிரத்தில் சேலத்துப் பேச்சும் கற்றுக்கொள்ளும். கேரளத்தையும் சேர்வராயனையும் குழப்பாது. நான் அதற்கு விரோதி அல்ல. படிக்கத் தெரியாத ஒரு கிழவிக்குத் தன் நிலத்தைப் பற்றிய சட்டம் என்ன சொல்லுகிறது என்று கேட்கிற வாய்ப்பு, எந்த வழியாக வந்தாலும் பெரிய விஷயம். ஆனால் யந்திரத்து இருவரும் பேசி முடித்த பிறகு திண்ணையில் என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தப் பேச்சின் தரத்தைச் சொல்லுவேன். கேட்டவர்கள் "நல்லா இருந்தது" என்று எழுந்து போனால் அது பொழுதுபோக்கு. "நிறுத்து கண்ணு" என்று ஒருத்தி கையை உயர்த்தினால், அங்கே உண்மையான ஊம் கொட்டுகிறவர் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

மனுக்களைக் கிராம சபையில் கொடுத்துவிட்டார்கள். நான் மலையிலிருந்து இறங்குகிற அன்று இளைஞர் பஸ்ஸடிக்கு வந்திருந்தார். கொடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பதாகவும், சபை என்றைக்குத் தீர்மானம் போடுகிறதோ அன்றிலிருந்து அறுபது நாளை எண்ணுவதற்கு அந்த மூதாட்டி ஒரு கலயத்தில் அறுபது காப்பிக் கொட்டைகளை இப்போதே எண்ணிப் போட்டுவிட்டாள் என்றும் சொன்னார்.